வீதிக்கு வந்த விண்ணோக்கி

கோயிற் கருவறையில் நிலைபெற்றிருக்கும் மூலவரைக் காண மக்கள் நாடிச் செல்வர். செல்ல இயலாதார் பொருட்டு உற்சவர் வீதிக்கு எழுந்தருள்வார். தொலைநோக்கிகளிலும் இவ்விருவகை உண்டு. மலையுச்சி மண்டபத்தில் நிலையாக அமைந்த பெருங்கருவிகள் ஒருவகை. மக்கள் இருக்கும் இடத்திற்கே வண்டியேறி வருவன மற்றொரு வகை. பெரிய தொலைநோக்கியும் வண்டியேறி வரலாம் என்று காட்டியவர் ஜான் டாப்சன் என்னும் அமெரிக்கப் பெரியார் ஆவார்.

டாப்சன் 1915-ஆம் ஆண்டு சீன நாட்டின் பீகிங் நகரிற் பிறந்தார். சிறுவயதிலேயே அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரை அடைந்தார். வேதியியல் கற்றுத் தேர்ந்த அவர், 1944-இல் அந்நகரில் இராமகிருஷ்ணர் மரபைச் சார்ந்த வேதாந்த மடத்தில் துறவியாகச் சேர்ந்தார். உலகின் தோற்றத்தை ஆராய விழைந்த அவர் உள்ளம் வானத்தை நாடியது. துறவிக்குப் பொருள் ஏது? கப்பற் பலகணிக்கு உரிய தடித்த கண்ணாடி ஒன்றைப் பெற்றுத் தம் கையாலேயே தேய்த்து, 12 அங்குல அகலமுள்ள குழியாடி ஆக்கினார். அதன் வழியே தேய்பிறைத் திங்களைக் கண்ட அன்றே, இக்காட்சியை எல்லாரும் காணவேண்டும் என்னும் வேட்கை அவருள்ளத்தில் வேரூன்றிற்று.

வேட்கை விலையின்றி நிறைவேறவில்லை. தொலைநோக்கியைத் தள்ளிக்கொண்டு அக்கம்பக்கத்தாரிடம் செல்வதும் மடத்தின் ஒழுங்கும் ஒத்துவரவில்லை. 1967-இல், 23 ஆண்டுகள் வாழ்ந்த மடத்தைவிட்டு அவர் நீங்க நேர்ந்தது. எனினும் அவர் சோர்ந்தாரல்லர். அடுத்த ஆண்டே, நடைபாதையில் நின்று வானத்தைக் காட்டும் கழகம் ஒன்று சான்பிரான்சிஸ்கோ நகரில் அவரைச் சூழ்ந்து உருவாயிற்று.

திங்களையும் சனியின் வளையத்தையும் காணச் சிறு கருவியே போதும். மங்கலான விண்முகில்களையும் தொலைவிலுள்ள விண்மீன் கூட்டங்களையும் காண மிகுந்த ஒளியைத் திரட்டவேண்டும். 24 அங்குலக் குழியாடி, இருளில் விரிந்த மனிதக் கண்மணியைப்போல் ஏழாயிரம் மடங்குக்கு மேல் ஒளியைத் திரட்டவல்லது. ஆயினும் நகர விளக்கொளியில் அம்மங்கலான பொருள்கள் மறைந்துபோம். ஆதலால், பெரிய கருவியை இருள் சூழ்ந்த வெளிக்குக் கொண்டுசெல்லுதல் இன்றியமையாததாயிற்று.

இதற்கு டாப்சன் கண்ட வழி மிக எளியது. விலையுயர்ந்த இரும்புப் பொறிகளை விடுத்து, ஒட்டுப்பலகையால் தொட்டில் போன்ற பெட்டி ஒன்று செய்தார். தூண் வார்ப்பதற்கு உதவும் தடித்த அட்டைக்குழலே தொலைநோக்கியின் உடலாயிற்று. பெட்டி இடவலமாகச் சுழலும். குழல் பீரங்கிபோல் மேலுங்கீழும் அசையும். விரலால் தள்ளினால் நகரும். விட்டால் விட்ட இடத்திலேயே நிற்கும். ஏழை மாணவனும் செய்துகொள்ளத்தக்க இவ்வமைப்பிற்கு அவர் காப்புரிமை தேடவில்லை.

பின்வந்தோர் நீண்ட குழலை நீக்கி, கழற்றக்கூடிய கோல்களை அமைத்தனர். அதனால் ஆளுயரத்தையும் கடந்த கருவி சிறு வண்டியில் அடங்குவதாயிற்று. குழியாடி தங்கிய பெட்டியே பெருஞ்சுமை. அதற்குச் சக்கரமும் கைப்பிடியும் பொருத்தி, சாய்ந்த பலகைவழியே மெல்ல உருட்டி இறக்குவர். உறுதியான சமநிலத்தில் அடிப்பலகையும் தொட்டிற்பெட்டியும் வைத்து, அதன்மேல் ஆடிப்பெட்டியை அமர்த்துவர். பின்பு கோல்களை நிறுத்தி, அவற்றின் தலையில் வளையத்தைப் பூட்டுவர். சாய்ந்த சிறு ஆடியும் கண்வில்லையும் அவ்வளையத்திலேயே உள்ளன. வேற்றொளி புகாதவாறு கோல்களைச் சுற்றிக் கருந்துணி போர்த்துவர்.

இவ்வளவு செய்தும் பணி முடிந்ததாகாது. பயணத்தில் ஆடிகள் சிறிது நிலைபெயர்ந்திருக்கும். திருகுகளைத் திருப்பி அவற்றை நேர்ப்படுத்தவேண்டும். பகல் வெப்பம் தங்கிய குழியாடி குளிரும்வரை பொறுத்திருக்கவும் வேண்டும். இன்றேல், வெயில் காயும் சாலையின்மீது தோன்றும் அலைபோல, விண்மீனின் உருவம் நடுங்கும். விடிவதற்குள் ஆடியை மூடிவிடுதலும் கடமையாகும். குவிந்த ஞாயிற்றொளி நெருப்பை மூட்டும். பார்ப்பவர் கண்ணையும் அழிக்கும்.

டாப்சனும் நண்பர்களும் 24 அங்குலக் கருவியை வண்டியில் ஏற்றி, யோசிமிட்டி முதலிய தேசியப் பூங்காக்களுக்குக் கொண்டுசென்றனர். ஏணியில் ஏறிக் கண்வில்லையில் நோக்கும்பொருட்டுச் சிறுவரும் முதியோரும் வரிசையில் நின்றனர். புவி சுழலுதலால் விண்பொருள் பார்வையினின்றும் நழுவும். அருகில் நின்றவர் கருவியை மெல்ல நகர்த்தி, அடுத்தவருக்கு அதனைக் காட்டுவார். கட்டணம் ஏதும் இல்லை.

2014-ஆம் ஆண்டு, தம் 98-ஆம் வயதில் டாப்சன் மறைந்தார். இன்று அவ்வகைத் தொலைநோக்கிகள் பல நாடுகளில் அவர் பெயராலேயே வழங்குகின்றன. பெரிய ஆடியைத் தேய்த்தவர் அவருக்கு முன்னும் உண்டு. கண்ட காட்சியைத் தமக்கென வைத்துக்கொள்ளாது, சுமந்துசென்று வழிப்போக்கருக்கும் காட்டியதே அவர்தம் பெருமை. கற்றவர் கல்வியும் அவ்வாறு வீதிக்கு வருதல் வேண்டும்.