மாட்டின் வயதைப் பல்லால் அறிதல்

கல்லடியிலிருந்து வாவி கடந்து படுவான்கரையில் மாடு வாங்கச் செல்லும் கமக்காரரே, கொம்பை மட்டும் பார்த்து விலை பேசாதீர். கொம்பின் வளையங்கள் தீனிக் குறைவாலும் நோயாலும் மாறுபடும். அரத்தால் அராவி அவற்றை மறைப்போரும் உளர். ஒருவர் மூக்கைப் பிடித்திருக்க, மற்றவர் கீழுதட்டை இறக்கிப் பல்லைப் பார்ப்பதே தக்க முறையாகும்.

மாட்டுக்கு முன்பற்கள் கீழ்த்தாடையில் மட்டுமே உண்டு, அவை எட்டு. கன்றின் பாற்பற்கள் சிறியவை. ஏறத்தாழ 2 முதல் 2½ வயதில் நடு இணை விழுந்து, அகன்ற நிலைப்பற்கள் இரண்டு முளைக்கும். 3 வயதளவில் நான்கும், 4 வயதளவில் ஆறும், 5 வயதளவில் எட்டும் நிறையும். எருமைக்கு இவை பல மாதம் பிந்தும்.

எட்டும் நிறைந்தபின்னரே ஏமாற்றம் நேர்வது. பத்து வயதுப் பசுவை ஆறு என்று விற்றால், வாங்குபவருக்குச் சில ஈற்றுகள் நட்டமாகும். ஆகவே தேய்வைக் கவனியுங்கள். இளம்பல்லின் விளிம்பு கூராயிருக்கும். வயது ஏற ஏற அது மட்டமாகும். முதுமையில் பல் குட்டையாகிக் கழுத்துப்பகுதி தெரியும், இடைவெளியும் விழும். கரையோர மணற்றரையில் மேய்ந்த மாட்டுக்குப் பல் விரைவில் தேயும் என்பதால், அதனை உள்ளதினும் முதியதென மதிப்பிடல் கூடும். எங்கு மேய்ந்ததென விசாரியுங்கள்.

வாய்நீர் வடியும் மாட்டின் வாயில் கை வையாது, மிருக வைத்தியருக்கு அறிவிக்கவும்.