தண்ணீர்ப் போத்தலும் மலசலகூடச் சாவியும்

சென்ற மாதம் ஒரு கம்பனியின் விற்பனைப் பிரதிநிதி புறக்கோட்டையிலுள்ள எமது கடைக்கு வந்திருந்தார். 'எதிர்கால அலுவலகத்துக்கான தண்ணீர் மெஷின்' என்று ஒரு வர்ணப் பிரசுரத்தை விரித்தார். ஒவ்வோர் ஊழியரும் எவ்வளவு குடித்தார் என்று அது கணக்கு வைத்துக்கொள்ளுமாம். குறைந்தால் கைத்தொலைபேசிக்கு ஞாபகமூட்டல் போகுமாம். விலையைக் கேட்டதும் எனக்குத்தான் தொண்டை வரண்டது.

மெஷின் வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். ஆனால் கணக்கு மனதில் நின்றுவிட்டது. எம்மிடம் வேலை செய்வோர் 14 பேர். 19 லீற்றர் போத்தல் ஒன்று இரண்டு நாளைக்குப் போகிறது. அப்படியானால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 700 மில்லிலீற்றர்கூட இல்லை. வாடிக்கையாளர் குடிப்பதும் அதற்குள்தான்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2010இல் சொன்ன அளவு, ஆண்களுக்கு 2.5 லீற்றர், பெண்களுக்கு 2 லீற்றர். சாப்பாட்டிலும் தேநீரிலும் உள்ள தண்ணீரும் இதில் அடங்கும். அது மிதமான காலநிலைக்கான கணக்கு. எமது வெயிலில் மூட்டை இறக்கும் நாட்டாமிமாருக்கு இது போதாது. ஏசிக்குள் இருப்பவருக்கு வேறு சிக்கல். அங்கே காற்று வரண்டது. வியர்வை தெரிவதில்லை, தாகமும் குறைவு. உடல் நிறையில் நூற்றுக்கு 2 பங்கு தண்ணீர் குறைந்தாலே தலைவலி, சோர்வு, கவனக் குறைவு வரலாம். 60 கிலோ ஆளுக்கு அது 1.2 கிலோதான். பிளேன்டீ உடம்பிலுள்ள தண்ணீரை இழுத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். அப்படியில்லை, அதுவும் தண்ணீர்க் கணக்கில் சேரும். நாம் போடும் சீனிதான் கூடாது.

தண்ணீர் பக்கத்திலேயே இருக்க, ஏன் குடிக்கிறார்களில்லை? காசாளர் பிள்ளையிடம் கேட்டேன். முதலில் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "தண்ணி குடிச்சா டொய்லட் போகணுமே ஹாஜியார். சாவி ஸ்டோர் பொடியன்மார்கிட்ட இருக்கு. அவங்ககிட்டப் போய் எப்படிக் கேக்கிற?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இதே பிள்ளை சிறுநீர்த் தொற்று என்று கடந்த வருடம் மூன்று தடவை லீவு எடுத்தவர். சாட்டுச் சொல்கிறார் என்று நினைத்து, மூன்று மாதமும் வருகைக் கொடுப்பனவை வெட்டியவன் நான். சிறுநீரை அடக்கிக்கொண்டு தண்ணீரையும் குறைத்தால் தொற்றுக்கு வழி திறந்துவிடும், சிறுநீர் தடித்தால் கல்லும் உண்டாகலாம் என்று எமது குடும்ப வைத்தியர் பின்னர் விளக்கினார். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் போதிய தண்ணீர் கிடைக்கிறது, கடும் மஞ்சளானால் குறைவு என்றும் சொன்னார். அதற்கு மெஷின் தேவையில்லை.

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, காரியாலய ஊழியர் சட்டத்தைச் சம்பளத்துக்கும் நேரத்துக்குமான சட்டம் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். காற்றோட்டம், வெளிச்சம், மலசலகூடம், கழுவும் வசதி என்பனவும் அதில் இருக்கின்றன. ஸ்டோருக்குப் பின்னால் ஒரே மலசலகூடம், உடைந்த கொண்டி, பல்ப் இல்லை என்று வைத்திருக்கும் முதலாளிமார் நான் மட்டுமல்லன் என்பது எனக்குத் தெரியும்.

மாடிப்படிக்குக் கீழே பழைய பெட்டிகள் கிடந்த இடத்தைத் துப்புரவாக்கி, பெண்களுக்கென்று ஒன்று கட்டினோம். உள்ளே கொண்டி, பல்ப், மூடியுள்ள வாளி. சாவி கிடையாது. மேசனுக்கும் குழாய் வேலைக்கும் போன செலவு, அந்த மெஷினின் விலையில் பாதிகூட இல்லை. நோன்பு காலத்தில் நோன்பில்லாத சகோதர மதத்துப் பிள்ளைகள் எமக்கு முன்னால் குடிக்கக் கூச்சப்படுவதால், மேல் மாடியிலும் ஒரு போத்தல் வைத்தோம்.

வெட்டிய கொடுப்பனவைக் கணக்குப் பார்த்து அந்தப் பிள்ளையிடம் கொடுத்தேன். வாங்கத் தயங்கினார். "இது உங்கட காசு மகள்" என்றேன். இப்போது போத்தல் ஒரு நாளைக்கே போதவில்லை, தண்ணீர்க்காரனுக்குப் பின்னேரமும் கோல் எடுக்க வேண்டியிருக்கிறது.