நாளுக்கு ஒரு சதுரம்: காசநோய்ச் சிகிச்சையும் வீட்டு ஒட்டுப்போர்வையும்

காசநோய்க்கு மருந்து தொடங்கும் நாளில் பெரும்பாலான குடும்பங்கள் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றன. ஆறு மாத காலம் வீட்டிலேயே இருந்து நாளை எப்படிக் கழிப்பது என்பது முதற்கேள்வி. நோயாளி பயன்படுத்திய பாய், தலையணை, போர்வை ஆகியவற்றை என்ன செய்வது என்பது இரண்டாவது. இவ்விரண்டு கேள்விகளுக்கும் ஒருங்கே விடை தரக்கூடிய எளிய கைவேலை ஒன்றை இக்கட்டுரை விளக்குகிறது. பழைய பருத்திப் புடவைகளையும் தையற்கடைத் துண்டுத் துணிகளையும் இணைத்து, குடும்ப வேலைகளுக்கு இடையே சிறிது சிறிதாகத் தைக்கப்படும் ஒட்டுப்போர்வையே அது.

சானடோரியத்திலிருந்து வீட்டிற்கு

தாம்பரத்தில் சானடோரியம் என்னும் பெயர் ஒரு ரயில் நிலையத்திற்கே அமைந்துவிட்டது. 1928-இல் டாக்டர் சௌரி முத்து இங்குக் காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகிறது. அந்நாளில் காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து எதுவும் இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல்தான் கண்டறியப்பட்டது. எனவே ஓய்வு, தூய காற்று, நல்ல உணவு ஆகியவையே சிகிச்சையாக இருந்தன. உடல் தேறத் தேற, அளந்து தரப்பட்ட சிறு வேலைகளும் சிகிச்சையில் இடம்பெற்றன. இங்கிலாந்தின் ஃபிரிம்லி சானடோரியத்தில் மார்கஸ் பேட்டர்சன் என்னும் மருத்துவர், நடைப்பயிற்சியில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமான வேலைக்கு நோயாளிகளைப் பழக்கிய முறை அக்காலத்தில் பெயர் பெற்றது.

இந்த நிலையை மாற்றிய ஆய்வு சென்னையிலேயே நடந்தது. 1956-இல் சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையம் நிறுவப்பட்டது. சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக அது இன்று வளர்ந்துள்ளது. அம்மையத்தினர் நோயாளிகளை இரு பிரிவினராகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மற்றொரு பிரிவினருக்கு அவரவர் வீட்டிலும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகளை அளித்தனர். வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான குடியிருப்புகளில், குறைந்த உணவோடு வாழ்ந்த ஏழைகள். ஆயினும் அவர்கள் குணமடைந்த அளவு, சானடோரியத்தில் இருந்தவர்களின் அளவை ஒட்டியே இருந்தது. வீட்டில் சிகிச்சை பெற்றதனால் குடும்பத்தாருக்கு நோய்த்தொற்று கூடுதலாகவில்லை என்பதும் தொடர் கண்காணிப்பில் தெரியவந்தது. 1959-இல் வெளியான இம்முடிவுகள் உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றின.

இதன் பயனாகவே இன்று பெரும்பாலான நோயாளிகள் தம் வீட்டில், பிள்ளைகளின் பள்ளி நேரத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே சிகிச்சை பெறுகின்றனர். சானடோரியத்தில் நாளை ஒழுங்குபடுத்த மணியும் செவிலியரும் இருந்தனர். வீட்டில் அந்த ஒழுங்கைக் குடும்பமே அமைத்துக்கொள்ள வேண்டும்.

போர்வையை எரிக்க வேண்டியதில்லை

காசநோய் காற்றின் வழியே பரவுகிறது. நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் வெளிப்படும் நுண்துளிகளைப் பிறர் சுவாசிப்பதனாலேயே தொற்று ஏற்படுகிறது. பாய், போர்வை, உடை, தட்டு, டம்ளர் ஆகியவற்றைப் பகிர்வதனால் அது பரவுவதில்லை. எனவே நோயாளியின் படுக்கையைத் தனியே கட்டி ஒதுக்குவதற்கோ, போகியன்று நெருப்பில் இடுவதற்கோ மருத்துவக் காரணம் ஏதும் இல்லை. வழக்கம்போலச் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் உலர்த்தினால் போதும்.

செய்ய வேண்டியவை வேறு. இருமும்போது வாயை மூடிக்கொள்ளுதல், மருத்துவர் கூறும் காலம் வரை முகக்கவசம் அணிதல், சன்னல்களைத் திறந்துவைத்துக் காற்றோட்டம் பேணுதல், சளியை மூடியுள்ள கலத்தில் சேர்த்து முறையாக அகற்றுதல் ஆகியவையே அவை. வீட்டிலுள்ள அனைவரும், குறிப்பாகச் சிறு குழந்தைகள், பரிசோதனைக்கு வர வேண்டும். தகுந்த மருந்து தொடங்கிய சில வாரங்களில் தொற்றும் ஆற்றல் விரைந்து குறைகிறது.

துணியில் தோன்றும் ஒரு கறையைப் பற்றியும் கூற வேண்டும். ரிஃபாம்பிசின் மருந்து சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். வியர்வையிலும் கண்ணீரிலும் அந்த நிறம் தென்படலாம். தலையணை உறையில் அத்தகைய சாயலைக் கண்டு இரத்தம் என அஞ்ச வேண்டாம். சளியில் இரத்தம் கலந்து வந்தால் மட்டும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

எச்.ஐ.வி. தொற்றுக்கும் இது பொருந்தும். போர்வையைப் பகிர்வதனால் அது பரவுவதில்லை. 1987-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில், எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களின் பெயர்களைத் தாங்கிய 1,920 துணிப் பலகங்கள் ஒரே ஒட்டுப்போர்வையாகத் திறந்தவெளியில் விரிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் மூன்றடி அகலமும் ஆறடி நீளமும் கொண்டது. ஊரார் சொல்லத் தயங்கிய பெயர்களை உற்றாரும் நண்பர்களும் தம் கையால் தைத்து உலகின்முன் வைத்தனர்.

எளியவர் வீட்டுக் கலை

பழந்துணியை வீணாக்காது போர்வையாக்கும் பழக்கம் நம் நாட்டில் பல இடங்களில் உண்டு. வங்காளத்துப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கி ஓடுதையலால் இணைத்துக் ‘காந்தா’ செய்கின்றனர். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் ‘கவந்தி’ என்னும் போர்வையை ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்துச் செல்கின்றனர். இரண்டிற்கும் ஊசி, நூல், பழந்துணி ஆகியவற்றைத் தவிர வேறு எதுவும் தேவையில்லை. சமையலும் பிள்ளை வளர்ப்பும் முடிந்து கிடைக்கும் இடைவெளிகளில், எந்த இடத்திலும் நிறுத்தி மறுபடி தொடரக்கூடிய வேலைகள் இவை. நோயுற்ற வீட்டிற்கு இவை ஏற்றவையாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

நூற்று அறுபத்தெட்டின் கணக்கு

மருந்து எதிர்ப்பாற்றல் இல்லாத காசநோய்க்கு நாளொன்றுக்கு ஒரு வேளை என 24 வாரங்கள் மருந்து தரப்படுகிறது. முதல் 8 வாரங்கள் நான்கு மருந்துகள், 56 வேளைகள். அடுத்த 16 வாரங்கள் மூன்று மருந்துகள், 112 வேளைகள். ஆக மொத்தம் 168 வேளைகள்.

இந்த எண் போர்வைக்கும் பொருந்துகிறது. வரிசைக்கு 14 சதுரங்கள் என 12 வரிசைகள் அமைத்தால் 168 சதுரங்கள் ஆகும். ஒரு வரிசை என்பது இரண்டு வாரம். முதல் நான்கு வரிசைகள் நிறைவுறும்போது நான்கு மருந்துக் கட்டம் முடிகிறது. மீதமுள்ள எட்டு வரிசைகள் இரண்டாம் கட்டத்திற்கு உரியவை. தைத்தபின் ஒவ்வொரு சதுரமும் ஆறு அங்குலம் இருக்குமானால், போர்வை ஏழடிக்கு ஆறடி அளவில் அமையும். தையலுக்குச் சுற்றிலும் கால் அங்குலம் விட வேண்டுமாதலால், துணியை ஆறரை அங்குலச் சதுரமாக வெட்ட வேண்டும். அட்டையில் ஓர் அளவுச் சதுரம் வெட்டி வைத்துக்கொண்டால் அளப்பதற்கு உதவியாக இருக்கும். அடித்துணிக்கு ஒரு பழைய பருத்திப் புடவை போதும். ஏழடி நீளத்தில் இரண்டு துண்டுகளாக வெட்டிப் பக்கவாட்டில் இணைத்தால் வேண்டிய அகலம் கிடைத்துவிடும்.

சென்னையின் தட்பவெப்பத்திற்கு நடுவே பஞ்சு வைக்கத் தேவையில்லை. இரண்டு அடுக்குப் பருத்தி மார்கழிப் பனிக்குப் போதுமானது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்திலும் அது விரைவில் உலரும். பஞ்சு வைத்த போர்வை ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். நுரையீரல் நலிந்தவர்களுக்கு அது நல்லதன்று.

துண்டுத் துணிகளைத் தெருவோரத் தையற்கடைகளில் கேட்டுப் பெறலாம். வெட்டுவதற்கு முன் அவற்றைத் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். துணித்தூசு இருமலைத் தூண்டும் என்பதால், உதறும் வேலையை வேறொருவர் வீட்டிற்கு வெளியே செய்வது நலம்.

சிகிச்சையின் முதல் வாரங்களில் காய்ச்சலும் சோர்வும் மிகுதியாக இருக்கும். அப்போது தைக்க வேண்டாம். சாய்ந்து அமர்ந்தவாறு நிறங்களைப் பிரித்து அடுக்கினால் போதும். தொடக்கத்தில் தவறிய சதுரங்களை உடல் தேறிய பின் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் மருந்து வேளை ஒன்றும் தவறக்கூடாது. இரண்டாம் மாத அளவில் இருமல் நின்று, பசி எடுத்து, எடை கூடும். நோய் போய்விட்டது என எண்ணிப் பலர் மருந்தை நிறுத்துவது இக்கட்டத்தில்தான். எஞ்சியிருக்கும் கிருமிகள் மீண்டும் பெருகவும், மருந்துக்குக் கட்டுப்படாத வகையாக மாறவும் அது வழிவகுக்கும். நான்கே வரிசைகள் தைக்கப்பட்ட போர்வையைத் திண்ணையில் விரித்துப் பார்த்தால், இன்னும் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பது படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும்.

சிலருக்கு மருத்துவர் சிகிச்சைக் காலத்தை நீட்டிக்கலாம். மருந்து எதிர்ப்பாற்றல் கொண்ட காசநோய்க்கு மருந்துகளும் கால அளவும் வேறு. அத்தகையோர் தம் மருத்துவர் கூறும் நாட்கணக்குக்கு ஏற்ப வரிசைகளை அமைத்துக்கொள்ளலாம்.

ஒன்றுக்கு மேற்பட்ட போர்வைகள்

நோயாளி மட்டுமன்றிக் குடும்பத்தாரும் தைக்கலாம். பெரிய போர்வை வீட்டிலேயே இருக்கட்டும். உடன் வருபவர் பையில் வைத்துக்கொள்ளச் சிறு வேலை ஒன்று வேண்டும். ஆறு சதுரத்திற்கு எட்டு என 48 சதுரங்களில் ஒரு குழந்தைப் போர்வை அமையும். வாரத்திற்கு இரண்டு சதுரம் தைத்தாலும் அதே 24 வாரங்களில் அது நிறைவுறும். மருந்துச் சீட்டுக்கும் பரிசோதனை முடிவுக்கும் காத்திருக்கும் நேரத்தில் இரண்டு சதுரங்களை இணைத்துவிடலாம். மூன்றாவதாகப் பள்ளிப் பிள்ளைகள் தைக்கும் தலையணை உறை ஒன்று இருக்கலாம். மூன்றுக்கு மேல் தொடங்க வேண்டாம். ஒவ்வொன்றையும் தனித்தனித் துணிப்பையில் இட்டு, அடுத்துத் தைக்க வேண்டிய துண்டை மேலாக வைத்துவிட்டால், பத்து நிமிடம் கிடைத்தாலும் வேலை நகரும்.

வேலைகள் பாதியில் நிற்பதும் இயல்பே. தேர்வுக் காலமும் திருமணமும் வீட்டில் இன்னொருவரின் காய்ச்சலும் குறுக்கிடும். நோயாளியைக் கவனிப்பவர் தமக்கென எதையும் செய்ய நேரமில்லை என்று வருந்துவது உண்டு. வாரம் இரு சதுரம் என்னும் அளவை அவரும் எட்ட முடியும்.

ஊசி தரும் எச்சரிக்கைகள்

நாள்தோறும் தைப்பவர், மருந்தின் சில பக்கவிளைவுகளைப் பிறரைவிட முன்னதாக உணரக்கூடும். கீழ்க்காண்பவற்றுள் எது தோன்றினாலும் அடுத்த முறை வரும்போது சொல்லலாம் எனக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் வாருங்கள்.

ஊசியில் நூல் கோக்கும்போது பார்வை மங்கினாலோ, சிவப்புத் துணியையும் பச்சைத் துணியையும் வேறுபடுத்துவது கடினமானாலோ, அது எதாம்பியூட்டால் கண் நரம்பைப் பாதிப்பதன் அறிகுறியாக இருக்கலாம். உடனே கவனித்தால் பார்வையைக் காக்க வாய்ப்பு அதிகம்.

விரல் நுனியிலோ பாதத்திலோ மதமதப்பு, எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு ஆகியவை ஐசோனியசிட் மருந்தினால் வரலாம். அதற்கு வைட்டமின் பி6 தரப்படும்.

பசியின்மை, தொடர்ந்த வாந்தி, கண்ணின் வெண்பகுதி மஞ்சளாதல் ஆகியவை கல்லீரல் பாதிப்பைக் குறிக்கலாம். எந்த மருந்தை நிறுத்துவது, எதை மாற்றுவது என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

நீரிழிவு உள்ளவர்களும், விரல்களில் உணர்ச்சி குறைந்தவர்களும் ‘திம்பிள்’ எனப்படும் விரலுறை அணிந்தே தைக்க வேண்டும். சன்னலோர வெளிச்சத்தில், முதுகுக்குச் சாய்மானம் வைத்து, இருபது நிமிடத்திற்கு ஒருமுறை எழுந்து நடப்பது நல்லது. தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஊசிகளை எண்ண வேண்டும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் இதனை ஒருநாளும் தவறவிடலாகாது.

ஆறு மாத முடிவில், மருத்துவர் பரிசோதித்துக் குணமடைந்ததாக அறிவித்த பின், அந்தப் போர்வையை வீட்டார் அனைவரும் பயன்படுத்தலாம். அதற்கு முன்பும் பயன்படுத்தத் தடையில்லை என்பதை மேலே கண்டோம். இதனை உறவினருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் நோயாளியே விளக்கிச் சொல்ல வேண்டிய நிலை வரலாகாது. வீட்டில் உள்ளவர்கள் முன்வந்து சொல்வது அவருக்குப் பெருந்துணையாகும். வெட்டும் அளவுகளிலோ மருந்து பற்றியோ ஐயம் இருப்பின், அடுத்த வருகையின்போது மருந்து வழங்கும் செவிலியரிடம் கேட்டறியுங்கள். தைத்த வரிசைகளையும் உடன் எடுத்து வாருங்கள்.