முகிற் கணிமையிற் படிமம் எடுத்தலும் அதன்கண் நேரும் இடையூறுகளும்

ஒரே வகைப் பொருள்கள் பலவற்றை ஆக்க விரும்புவோன் முதற்கண் ஓர் அச்சினைச் செய்துகொள்கின்றான். அச்சுச் செவ்விதாயின் அதன்வழி வருவன யாவும் செவ்வியனவாம். அச்சிற் குறையிருப்பின் அக்குறை வார்க்குந்தோறும் பெருகும். இவ்வுண்மை வெண்கலம் வார்க்குந் தொழிலுக்கேயன்றி இக்காலக் கணினித் தொழிலுக்கும் ஒக்கும். முகிற் கணிமையில் மெய்நிகர் இயந்திரம் ஒன்றிலிருந்து படிமம் எடுத்தல் இத்தகைய அச்சுச் செய்தலேயாம். அஃது எங்ஙனம் நிகழ்கின்றது, எவ்விடத்திற் பிழைக்கின்றது, பிழைத்தவிடத்துக் காரணத்தை நாடியறியும் முறை யாது என்பனவற்றை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

மெய்நிகர் இயந்திரமாவது, மெய்யான கணினி ஒன்றின் செயலி, நினைவகம், வட்டு என்பவற்றின் ஒரு கூறு மென்பொருளாற் பிரிக்கப்பட்டுத் தனிக் கணினிபோல் இயங்குவது. அதன் வட்டு பெரும்பாலும் அம்மெய்க்கணினியில் ஒரு கோப்பாகவே கிடக்கும். பணிசெயல் முறைமையை நிறுவி, வேண்டிய மென்பொருள்களைச் சேர்த்துச் செப்பஞ் செய்த ஓர் இயந்திரத்தின் வட்டைப் படியெடுத்து வைத்துக்கொண்டால், ஒரு வகுப்பின் 40 மாணவர்க்கும் வேண்டும் இயந்திரங்களை அதிலிருந்து விரைவில் ஆக்கலாம். அப்படியே படிமம் எனப்படும்.

முகில் முறைமைகள் பலவற்றுள், மூலநிரல் யாவர்க்கும் திறந்திருக்கும் ஓப்பன்ஸ்ராக் என்பதை எடுத்துக்காட்டாகக் கொள்வாம். 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நாசா நிறுவனமும் றாக்ஸ்பேஸ் என்னும் வணிக நிறுவனமும் சேர்ந்து இதனைத் தொடக்கின. இதன் உறுப்புகளுள் நோவா இயந்திரங்களை இயக்குவது. கிளான்ஸ் படிமங்களைக் காப்பது. சின்டர் தனி வட்டுகளை வழங்குவது. படிமம் எடுக்குமாறு நாம் பணித்தவுடன் மூன்று படிகள் நிகழ்கின்றன. முதலாவது, நோவா நமது உரிமையையும் இயந்திரத்தின் நிலையையும் நோக்கி, கிளான்சில் வெறும் பதிவொன்றை ஏற்படுத்தும். அப்பொழுது படிமத்தின் நிலை ‘வரிசையில் உள்ளது’ என்றிருக்கும். இரண்டாவது, இயந்திரம் குடிகொண்டிருக்கும் மெய்க்கணினியில் வட்டின் படி ஒன்று தற்காலிகமாக எழுதப்படும். மூன்றாவது, அப்படி வலையமைப்பின் வழியே கிளான்சுக்கு அனுப்பப்படும். அப்பொழுது நிலை ‘சேமிக்கப்படுகின்றது’ என்றாகி, முடிந்தபின் ‘பயன்பாட்டுக்குரியது’ என்றாகும்.

இடையூறு நேர்ந்தவிடத்துப் பலர் அதே கட்டளையை மீண்டும் மீண்டும் இடுவர். அதனாற் பயனில்லை. எப்படியில் நின்றது என்று கேட்டலே முதற்பணியாம். பதிவே தோன்றாதாயின் வேண்டுகோள் மறுக்கப்பட்டது என்க. அவ்வியந்திரத்தில் வேறொரு பணி நடைபெறுதல், உரிமையின்மை, பங்கீட்டளவு நிரம்பியமை என்பன அதற்குக் காரணமாகலாம். ‘வரிசையில் உள்ளது’ என்ற நிலையிலேயே நிற்குமாயின் மெய்க்கணினியை ஆராய்தல் வேண்டும். ‘சேமிக்கப்படுகின்றது’ என்று நீண்டநேரம் நிற்குமாயின் வலையமைப்பையும் கிளான்சின் சேமிப்பிடத்தையும் ஆராய்தல் வேண்டும். சிலவேளை, தவறு நேர்ந்தவுடன் நோவா தானே பதிவை நீக்கிவிடும். படிமம் தோன்றி மறைந்ததுபோற் காணப்படும். ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அவ்வெண்ணைக்கொண்டு அந்த மெய்க்கணினியிலுள்ள நோவாவின் நிகழ்வுப் பதிவேட்டைத் தேடின் காரணம் பெரும்பாலும் எழுத்திலேயே கிடைக்கும்.

காரணங்களுள் அடிக்கடி நேர்வது இடப்பற்றாக்குறை. இதனைச் சற்று விளக்குதல் நன்று. இயந்திரம் ஒன்று 2 ஜிகாபைற்று அளவுள்ள மூலப்படிமத்திலிருந்து பிறந்து, பின்னர் 5 ஜிகாபைற்று அளவான புதிய தரவுகளை எழுதியது எனக் கொள்வாம். மெய்க்கணினியில் மூலம் ஒருமுறையே வைக்கப்பட்டிருக்கும். இயந்திரத்தின் சொந்தக் கோப்பு மாற்றங்களை மட்டுமே தாங்கும். படிமம் எடுக்கும்போதோ இரண்டும் ஒன்றாக்கப்படுதலின் ஏறக்குறைய 7 ஜிகாபைற்று இடம் வேண்டும். அவ்விடமும் படிமம் போய்ச்சேரும் கிளான்சில் மட்டுமன்று, மெய்க்கணினியின் தற்காலிகக் கோப்புறையிலும் வேண்டும். ஒரே வேளையிற் 10 இயந்திரங்களைப் படியெடுப்பின் 70 ஜிகாபைற்று வேண்டும். கிளான்சில் இடமிருக்கின்றது என்று கண்டு ஐயந்தீர்ந்தவர் தடுமாறுவது இதனாலேயாம்.

மற்றொன்று, பெரிய படிமம் போய்ச்சேருமுன் பயனாளரின் அனுமதிச்சீட்டுக் காலாவதியாதல். சிறியன எல்லாம் வெற்றிபெற, பெரியன மட்டும் இறுதியிற் பிழைக்குமாயின் இதனை ஐயுறலாம். இனி, இயந்திரம் ‘அனுப்பப்படுகின்றது’ என்ற நிலையிலேயே சிக்கிக்கொள்வதுண்டு. நிர்வாகி அந்நிலையை மீட்டமைக்கலாம். ஆயின் அச்செயல் பதிவிலுள்ள நிலையை மாற்றுமேயன்றி மூலக்காரணத்தை நீக்காது. படிமத்தின் அளவு சுழியமெனக் காணப்படுவதும் உண்டு. சின்டர் வட்டிலிருந்து தொடங்கும் இயந்திரங்களுக்கு இது பிழையன்று. தரவு சின்டரிலுள்ள கணப்படியொன்றில் இருக்க, கிளான்சில் அதனைச் சுட்டும் குறிப்பு மட்டுமே இருக்கும். இதனை அறியாது அக்கணப்படியை அழித்தோர் படிமத்தையும் இழப்பர்.

இதுகாறுங் கூறியவை வெளிப்படையான இடையூறுகள். இவற்றினும் கொடியன, வெற்றி என்று அறிவிக்கப்பட்ட பின்னர் வெளிப்படுவன. படிமம் வட்டையே கொள்வது. நினைவகத்தில் உள்ளதைக் கொள்வதன்று. இயங்கிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைப் படியெடுப்பின், மின்சாரம் திடீரென நின்ற கணினியின் வட்டினை ஒத்ததே கிடைக்கும். தரவுத்தளம் பாதி எழுதிய நிலையில் அகப்படலாம். ஆதலின் இயந்திரத்தை முறைப்படி நிறுத்திய பின் எடுத்தலே சாலச்சிறந்தது. நிறுத்த இயலாதாயின், இயந்திரத்துள் விருந்தினர் முகவர் எனப்படும் துணைமென்பொருளை நிறுவிக் கோப்பமைப்பைக் கணநேரம் உறையச் செய்து எடுத்தல் வேண்டும்.

அடுத்தது அடையாளம் பற்றிய சிக்கல். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனக்கே உரிய பெயர், இயந்திர எண், எஸ். எஸ். எச். சாவிகள், பயனாளர் கணக்குகள் உண்டு. இவற்றைக் களையாது படிமம் எடுப்பின், பிறக்கும் இயந்திரங்கள் அனைத்தும் தாம் ஒருவரே என்று கூறும். லினக்சில் இயந்திர எண் ஒன்றாயிருப்பின் சில அமைப்புகளில் இரண்டு இயந்திரங்கள் ஒரே வலையமைப்பு முகவரியைப் பெற முரணும். பழைய லினக்ஸ் வகைகளில், முன்னைய வலையமைப்பு அட்டையின் எண் ஒரு விதிக்கோப்பிற் பொறிக்கப்பட்டிருத்தலின் புதிய இயந்திரம் வலையமைப்பையே காணாது நிற்கும். சாவிகள் ஒன்றாயிருப்பின் ஓர் இயந்திரத்தின் சாவியைக் கவர்ந்தவன் மற்றெல்லாவற்றின் வேடத்தையும் புனையலாம். இவற்றைக் களைதலைப் பொதுமையாக்கம் என்பர்.

மைக்ரோசொப்ற்றின் அசூர் முகிலில் இப்பணிக்கு விண்டோசில் சிஸ்பிறெப் என்னும் கருவியும், லினக்சில் அசூர் முகவரின் கட்டளையொன்றும் உள. ஈண்டு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது: அசூரில் ‘பொதுமையாக்கப்பட்டது’ என்று குறிக்கப்பட்ட இயந்திரத்தை மீண்டும் இயக்கல் இயலாது. படிமம் பழுதாயின் மூலமும் இல்லை, படியும் இல்லை. எனவே பொதுமையாக்குமுன் வட்டின் கணப்படியொன்றைத் தனியே எடுத்து வைத்தல் வேண்டும். சிஸ்பிறெப் பிழைத்தவிடத்து, அதன் கோப்புறையிலுள்ள ‘பந்தர்’ என்னும் உட்கோப்புறையிற் பிழைப்பதிவேடு கிடைக்கும். எல்லாப் பயனாளர்க்கும் பொதுவாக அமையாது ஒருவர்க்கு மட்டும் நிறுவப்பட்ட செயலிகள் அடிக்கடி அதிற் காரணமாகக் காணப்படும். லினக்ஸ் கட்டளையும் இரகசியங்கள் யாவற்றையும் களைந்துவிடும் என்பதற்கு உறுதியில்லை. கடவுச்சொற்கள் பொதிந்த கோப்புகளை நாமே தேடி நீக்குதல் வேண்டும்.

முடிவாக ஒன்று. திரையில் ‘பயன்பாட்டுக்குரியது’ என்ற சொல் தோன்றுதல், கோப்பு போய்ச்சேர்ந்தது என்பதற்கே சான்று. அது நல்ல அச்சு என்பதற்குச் சான்றன்று. படிமத்திலிருந்து இரண்டு இயந்திரங்களைத் தோற்றுவித்து, அவை தொடங்குகின்றனவா, தத்தமக்கெனப் பெயரும் முகவரியும் சாவியும் பெறுகின்றனவா, தரவுத்தளம் திறக்கின்றதா என்று நோக்கிய பின்னரே அதனை நம்புதல் தகும். ஒன்றே தோற்றுவிப்பின் அடையாள முரண் வெளிப்படாது. ஆதலின் இரண்டு வேண்டும். இச்சோதனை முடியுங்காறும் மூல இயந்திரத்தின் கணப்படியை அழியாது காத்தல் இத்துறையிற் பயிலும் மாணவர் முதற்கண் கைக்கொள்ளத்தக்க ஒழுக்கமாகும்.