லண்டனிலிருந்து வந்தவருக்குக் காலை வெயில் ஆகாது

வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியவரிடம் வீட்டில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "காலையில எழுந்து வெயில்ல ஒரு நடை போயிட்டு வாங்க, எல்லாம் சரியாயிடும்." அக்கறையோடு சொல்வதுதான். ஆனால் லண்டனிலிருந்து சென்னை திரும்பியவருக்கு முதல் ஓரிரு நாள் அந்த நடை, ஜெட் லாக்கை இன்னும் இழுத்தடிக்கும்.

மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களின் நரம்புகளும் குறுக்காகக் கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் திரண்டிருக்கின்றன. உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். அதைத் திருப்பி வைப்பதில் வெளிச்சத்துக்கு இணை வேறில்லை. ஆனால் எந்த நேரத்து வெளிச்சம் என்பதில்தான் சூட்சுமம். நாம் வழக்கமாக விழிப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு, பெரும்பாலோருக்கு விடிகாலை நான்கு மணி வாக்கில், உடல் வெப்பம் மிகவும் தாழ்ந்திருக்கும். அதற்குப் பிறகு கண்ணில் படும் வெளிச்சம் அடுத்த நாள் தூக்கத்தை முந்திக் கொண்டுவரும். அதற்கு முன்பு பட்டால் தூக்கத்தை இன்னும் தள்ளிப்போடும்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். கோடைக் காலத்தில் லண்டனுக்கும் நமக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். லண்டனுக்குப் பழகிய உடலின் விடிகாலை நான்கு மணி, சென்னையில் காலை எட்டரை. ஆறரை மணிக்கு மெரினாவில் நடப்பவரின் உடல், 'இது பின்னிரவு வெளிச்சம்' என்று எடுத்துக்கொண்டு தூக்கத்தைத் தள்ளிப்போடும். அவருக்கு வேண்டியதோ முந்திக் கொண்டுவருவது. எனவே முதல் நாள் எட்டரை, ஒன்பது மணி வரை திரைச்சீலையை மூடி வையுங்கள். வெளியே போயே ஆகவேண்டுமென்றால் கறுப்புக் கண்ணாடி. அதன் பிறகு நன்றாக வெயிலில் நில்லுங்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் வீதம் அந்த நேரத்தை முன்னால் கொண்டுவரலாம். குளிர்காலத்தில் வித்தியாசம் ஐந்தரை மணி. கணக்கும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும்.

போகும்போது இவ்வளவு சிரமமில்லை. மனிதக் கடிகாரத்தின் இயல்பான சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்றே அதிகம். அதனால் தாமதமாகத் தூங்கப் பழகுவது எளிது, சீக்கிரம் தூங்கப் பழகுவதுதான் கடினம். மேற்கே லண்டனுக்குப் போகிறவர் மாலை வெளிச்சத்தில் இருந்தால் போதும். அங்கே ஜூன் மாதத்தில் சூரியன் மறையவே ஒன்பது மணி தாண்டிவிடும்.

அமெரிக்கா வேறு கதை. நியூயார்க்குக்கு ஒன்பதரை அல்லது பத்தரை மணி நேரம், கலிஃபோர்னியாவுக்குப் பன்னிரண்டரை அல்லது பதிமூன்றரை. பகல் அப்படியே இரவாகிவிடும். மகள் பிரசவத்துக்குப் போகும் அம்மாக்கள் இரவு இரண்டு மணிக்கு எழுந்து சமையலறையில் காபி போடுவதை வீட்டில் கேலி செய்வார்கள். அது ஒரு வாரத்தில் சரியாகிவிடும். நான் கவலைப்படுவது அவர்கள் கைப்பையில் இருக்கும் மருந்தைப் பற்றித்தான்.

கோடையில் சென்னையிலிருந்து நியூயார்க் போகும் நாளில் 24 மணி நேரம் முப்பத்து மூன்றரையாக நீளும். திரும்பும்போது பதினான்கரையாகச் சுருங்கும். 'தினமும் ராத்திரி பத்து மணி ஊசி' என்று கடிகாரத்தைப் பார்த்துப் போட்டுக்கொள்பவருக்கு, திரும்பும் பயணத்தில் இரண்டு இன்சுலின் ஊசிகள் நெருங்கி விழும். சர்க்கரை திடீரெனத் தாழும். அப்போது வரும் குழப்பம், தடுமாற்றம், வியர்வை, அசதி எல்லாவற்றையும் பார்த்து, "ஜெட் லாக்தான், தூங்கட்டும் விடு" என்று போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டால் ஆபத்து. முதலில் விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். புறப்படும் முன்பே உங்கள் மருத்துவரிடம் பயண நாள்களுக்கென்று தனி அட்டவணை எழுதி வாங்குங்கள். இன்சுலின் கைப்பையில்தான் போகவேண்டும். சரக்குப் பகுதியில் உறைந்துபோகக்கூடும். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரும் இருக்கட்டும்.

ஜெட் லாக் என்று தவறாக நினைக்கப்படும் இன்னொன்று காலில் ரத்தம் உறைதல். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் இந்த அபாயம் சுமார் இரண்டு மடங்காவதாக உலகச் சுகாதார நிறுவனத்தின் 2007 அறிக்கை சொல்கிறது. ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு என்ற அளவில்தான், பயப்பட வேண்டாம். ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு பத்து மணி நேரம் ஒரே வாகில் கிடப்பது இந்த அபாயத்தைக் கூட்டும்.

தூக்க மாத்திரை என்றதும் நினைவுக்கு வருவது, பக்கத்து வீட்டுக்காரர் தரும் 'பாதி அல்பிரசோலம்'. இது ஹெச்1 பட்டியலில் உள்ள மருந்து. மருத்துவர் சீட்டில்லாமல் விற்பதே சட்டப்படி குற்றம். போகும் வழியில் துபாயில் இறங்கி இரண்டு நாள் தங்கும் திட்டம் இருந்தால் இன்னும் கவனம் தேவை. இத்தகைய மாத்திரைகளுக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் முன் அனுமதி பெற வேண்டும். அதற்கு அந்நாட்டு அரசின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம்.

மெலடோனின் பரவாயில்லை ரகம். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட நேர மண்டலங்களைக் கடப்பவர்களுக்கு, போய்ச் சேர்ந்த ஊரின் படுக்கை நேரத்தில் எடுத்தால் பலன் உண்டு என்று 2002-இல் வந்த கோக்ரேன் தொகுப்பாய்வு காட்டியது. அது அலசிய பத்து ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில் அந்தப் பலன் தெரிந்தது. அரை மில்லிகிராமே பலருக்குப் போதும். வார்ஃபரின் சாப்பிடுபவர்களும் வலிப்பு நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. அமெரிக்காவில் இது சத்து மாத்திரைபோலக் கடையில் கிடைக்கும், ஆனால் லேபிளை நம்ப முடியாது. கனடாவில் 31 தயாரிப்புகளைச் சோதித்து 2017-இல் வெளியிட்டபோது, குறிப்பிட்டதைவிட 83 சதவீதம் குறைவாக இருந்ததும் உண்டு, 478 சதவீதம் அதிகமாக இருந்ததும் உண்டு.

பின்னிரவு மூன்று மணிக்கு மீனம்பாக்கத்தில் இறங்கி, காத்திருக்கும் காரில் தானே ஸ்டியரிங்கைப் பிடித்து மதுரைக்குக் கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். பதினேழு மணி நேரத்துக்கு மேல் விழித்திருந்தவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவருடையதற்குச் சமம் என்கின்றன ஆய்வுகள். நம் நாட்டுச் சட்ட வரம்பு 0.03. ஊதச் சொன்னால் மெஷினில் எதுவும் காட்டாது என்பதுதான் வித்தியாசம்.

ஜெட் லாக்குக்காக எந்த விமான நிறுவனமும் நஷ்ட ஈடு தராது. ஆனால் தாமதத்தால் ஓர் இரவுத் தூக்கம் போனால் கேட்க வழியிருக்கிறது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரக விதிப்படி, இரவு 8 மணியிலிருந்து 3 மணிக்குள் கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், இந்திய நிறுவனங்கள் ஓட்டல் அறை தரவேண்டும். பிரிட்டனிலிருந்து கிளம்பும் விமானம் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும், 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால் 520 பவுண்டு இழப்பீடு கோரலாம். கடும் வானிலை போல நிறுவனத்தின் கையை மீறிய காரணம் என்றால் கிடைக்காது. இயந்திரக் கோளாறு பொதுவாக அந்தக் கணக்கில் வராது. கவுன்ட்டரில் வாய்வார்த்தையாகச் சொல்வதோடு விடாமல், தாமதத்தின் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாதீர்கள். பதில் வராவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் செய்யலாம், அடுத்தபடியாக நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.