சோறும் தொடுகறியும்

உணவு என்றவுடன் நம் மனத்தில் முதலில் எழுவது சோறே ஆகும். சோற்றோடு சேர்த்து உண்பதைத் ‘தொடுகறி’ என்று நம் பகுதி மக்கள் வழங்குகின்றனர். தொட்டுக்கொள்ளும் அளவில் இருந்தால் போதும் என்னும் எண்ணம் அச்சொல்லிலேயே அமைந்துள்ளது. ஆயினும், ஒரு குடும்பத்தின் உடல்நலத்தை ஆராயப் புகின், சோற்றின் அளவைக் காட்டிலும் தொடுகறியின் தன்மையே அதனை மிகுதியும் முடிவு செய்கிறது எனலாம். நம் வட்டாரத்தின் உணவு வரலாறே இதற்குச் சான்றாகும்.

வயலும் விளையும்

1956 நவம்பர் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்த கன்னியாகுமரி மாவட்டம், அதற்கு முன் நெடுங்காலம் திருவிதாங்கூரின் பகுதியாக இருந்தது. அதன் கிழக்கே நாஞ்சில் நாட்டு வயல்கள் நெல் விளைத்தன. 1906-இல் நிறைவுற்ற பேச்சிப்பாறை அணை பாசனத்திற்கு உறுதுணையாயிற்று. மேற்கே விளவங்கோடு, கல்குளம் பகுதிகளிலோ மேடும் சரிவுமான நிலமே மிகுதி. மேட்டுத் தோட்ட நிலத்தை ‘விளை’ என்பது இங்குள்ள வழக்கு. களியக்காவிளை என்னும் நம் ஊர்ப்பெயரிலும் அச்சொல் நிலைபெற்றிருப்பது நோக்கத்தக்கது.

இவ்விளைகளில் வேரூன்றிய பயிர் மரச்சீனி. தென் அமெரிக்காவில் தோன்றிய இக்கிழங்கைத் திருவிதாங்கூரில் பரவச் செய்தவர், 1880 முதல் 1885 வரை ஆட்சி புரிந்த விசாகம் திருநாள் மன்னர் ஆவார். அதன் அருமை இரண்டாம் உலகப் போரின்போது நன்கு விளங்கியது. திருவிதாங்கூர் தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதிக்கு வெளியிடங்களையே நம்பியிருந்தது. 1942-இல் பர்மா சப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. சோறு அரிதான அந்நாள்களில் ஏழை எளியோரின் உயிர் காத்தது மரச்சீனியே.

பசி வேறு, ஊட்டம் வேறு

மரச்சீனி மாவுச்சத்து நிறைந்தது. உழைக்கும் உடலுக்கு வேண்டிய ஆற்றலைத் தரவல்லது. ஆனால் வேகவைத்த நூறு கிராம் கிழங்கில் புரதம் ஏறத்தாழ ஒரு கிராம் அளவே உண்டு. அதே அளவு சோற்றில் இரண்டரை கிராம் போல இருக்கும். கிழங்கை மட்டுமே உண்டு வளரும் குழந்தைக்கு வயிறு நிறையும், உடல் வளராது.

இக்குறையை நம் முன்னோர் ஆய்வுக்கூடத்தின் துணையின்றியே ஈடு செய்தனர். கிழங்கோடு சாளையும் நெத்திலியும் சேர்ந்தன. விலை மலிந்த அம்மீன்கள் புரதத்தோடு, முள்ளும் மென்று உண்ணத்தக்கனவாதலால் சுண்ணாம்புச் சத்தையும் அளித்தன. மேலும், கிழங்கில் நஞ்சாக மாறத்தக்க பொருள் சிறிதளவு உண்டு. அதை நறுக்கி, மிகுந்த நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டுவது நம் அடுக்களை வழக்கம். நஞ்சின் பெரும்பகுதி அதனால் நீங்குகிறது.

அரிசிக்கும் இவ்வாறே துணை தேவை. அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு. பயறுகளில் அது மிகுதி. பயறுகளில் குறைவுபடும் மெத்தியோனின் அரிசியில் உண்டு. ஆதலின் கஞ்சியும் பயறும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும் இணையாகும். அரிசியோடு சிறுபயறும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் சேரும் நோன்புக் கஞ்சியும் இவ்வகையினதே.

தீட்டலால் நேரும் இழப்பு

1890-களில் சாவகத் தீவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் ஐக்மன், தீட்டிய வெள்ளரிசியை மட்டும் தின்ற கோழிகள் கால் தளர்ந்து நோயுற்றதையும், தவிடு நீங்காத அரிசியால் அவை தேறியதையும் கண்டார். பெரிபெரி என்னும் நோயின் மூலத்தை அறிய இது வழிவகுத்தது. 1929-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்தும்போது, தவிட்டிலுள்ள தயமின் சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பகுதியினர் விரும்பி உண்ணும் சிவந்த புழுங்கலரிசியின் சிறப்பு இதுவே. வெண்மையை நாகரிகத்தின் அடையாளமாகக் கருதி, மிகத் தீட்டிய பச்சரிசிக்கு மாறுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இன்றைய நிலை

தமிழகத்தில் 2011 சூன் முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. பட்டினியைப் பெருமளவு அகற்றிய அரும்பணி அது. ஆயினும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். அரிசி நிறைந்த மாநிலத்தில் இரத்தம் குறைந்திருப்பது ஏன்? உணவில் இரும்புச்சத்துக் குறைவு அதன் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. அரிசியில் அச்சத்து மிகக் குறைவு. தொடுகறியிலிருந்தே அது வந்தாக வேண்டும்.

வருவாய் சுருங்கும்போது வீட்டில் சோறு குறைவதில்லை. மீனும் பயறும் கீரையுமே குறைகின்றன. அவ்வாறு குறைந்ததையும் கணவனுக்கும் மக்களுக்கும் பரிமாறிவிட்டு, சட்டியின் அடியில் எஞ்சிய குழம்பைச் சோற்றில் பிசைந்து உண்டு எழுபவள் தாய். இதனைத் தியாகம் என்று போற்றி நாம் அமைகிறோம். அந்த 53.4 விழுக்காட்டில் நம் அன்னையரும் உடன்பிறந்தாரும் அடங்குவர் என்பதை மறந்துவிடுகிறோம்.

அரசும் இவ்வுண்மையை உணர்ந்தே வந்துள்ளது. 1982-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் 1989 முதல் முட்டை சேர்க்கப்பட்டது. பள்ளியில் சோற்றுக்குத் துணை வேண்டும் என்று ஒப்புக்கொண்ட நாம், வீட்டில் அதனை ஏன் எண்ணுவதில்லை?

திருவள்ளுவர் ‘மருந்து’ என்று பெயரிட்ட அதிகாரத்தில் பெரிதும் பேசியது உணவைப் பற்றியே. மாணவச் செல்வங்கள் இன்று மாலை வீடு திரும்பியதும் ஒன்று செய்யலாம். முருங்கைக்கீரையோ, சிறுபயறோ, சாளையோ எதுவாயினும், அதனைத் தாயின் தட்டில் முதலில் வைத்துவிட்டு, அவரோடு அமர்ந்து உண்ணுங்கள். ஊட்டம் பற்றிய கல்வி அங்கிருந்தே தொடங்கட்டும்.