விவசாயிக்கு வரும் ஆறாயிரமும் நமது பற்றுக் கணக்கும்

கொல்லிமலை அடிவாரத்தில், துறையூருக்கு அப்பால் இருக்கிறது புளியஞ்சோலை. அடிவாரம் திருச்சி மாவட்டம். மலைமேல் செம்மேடு உள்ளிட்ட ஊர்கள் நாமக்கல் மாவட்டம். மேலே மிளகு, காபி, பலா, அன்னாசி, மரவள்ளி, சாமை. இத்தகைய ஊர்களில் மளிகை வியாபாரம் பாதி ரொக்கம், பாதி பற்று. விளைச்சல் விலையானால்தான் பாக்கி வசூலாகும். இந்த வரவு செலவில் சில ஆண்டுகளாக மத்திய அரசின் பணமும் சேர்ந்துள்ளது. வணிகப் பெருமக்கள் அதன் நெளிவு சுளிவுகளை அறிந்திருப்பது அவசியம்.

பிரதம மந்திரி கிசான் திட்டம் 24-2-2019 அன்று தொடங்கப்பட்டது. நிலமுள்ள விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.6,000, மூன்று தவணைகளாக, நேரே வங்கிக் கணக்குக்கு வருகிறது. முதலில் 2 ஹெக்டேர் வரை உள்ளவர்களுக்கு மட்டும் என்றிருந்தது. 2019 ஜூன் முதல் அந்த வரம்பு நீக்கப்பட்டது.

மாதக் கணக்கில் பார்த்தால் 500 ரூபாய்தான். ஆனால் நூறு குடும்பங்கள் பெறும் ஒரு கிராமத்தில் தவணைக்கு 2 லட்சம், ஆண்டுக்கு 6 லட்சம் புழங்குகிறது. அதில் ஒரு பகுதி உரக்கடைக்கும் மளிகைக்கடைக்கும் வந்து சேரும்.

தேதியை நம்பலாமா?

நான்கு மாதத்துக்கு ஒருமுறை என்பது விதி. நடப்பு வேறு. 2025-ல் பிப்ரவரி 24, ஆகஸ்ட் 2, நவம்பர் 19 ஆகிய நாட்களில் பணம் விடுவிக்கப்பட்டது. முதல் இடைவெளி ஐந்து மாதத்துக்கு மேல். அடுத்தது நான்கு மாதம்கூட இல்லை. (நவம்பர் தவணை நமது கோவையில் வைத்தே விடுவிக்கப்பட்டது.) எனவே "கிசான் பணம் வந்ததும் தருகிறேன்" என்ற சொல்லை மட்டும் வைத்து மொத்தக் கடையில் நாம் தவணை வாங்கக் கூடாது.

பணம் நின்றுபோவதற்கும் காரணங்கள் உண்டு. ஆதார் வங்கிக் கணக்குடன் இணையாதது, கே.ஒய்.சி. முடிக்காதது, நிலப் பதிவு சரிபார்க்கப்படாதது ஆகியவை முக்கியமானவை. பட்டா இறந்துபோன தகப்பனார் பெயரிலேயே இருந்தால் மகனுக்குச் சிக்கல். குத்தகைக்கு உழுபவருக்கு இத்திட்டத்தில் இடமே இல்லை. நம்மிடம் அதிகம் பற்று வைப்பவரோ பெரும்பாலும் அவர்தான்.

2020-ல் நடந்தது

இணையதளத்தில் தாமே பதிவு செய்துகொள்ளும் வசதி வந்தபோது, இடைத்தரகர்களும் சில கணினி மையங்களும் வேளாண் துறையின் கடவுச்சொற்களைத் தவறாகப் பயன்படுத்தின. கொரோனா நிவாரணம் என்று சொல்லி, நிலமில்லாதவர்களையும் சேர்த்தார்கள். தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியற்றவர்களுக்குச் சுமார் 110 கோடி ரூபாய் போனதாக அரசு அறிவித்தது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது, பலர் கைதாயினர். பணம் பெற்றவர்களின் கணக்கிலிருந்து தொகை திரும்ப எடுக்கப்பட்டது. தரகருக்குக் கொடுத்த கமிஷன் போனதுதான் மிச்சம்.

நம்மில் நிலம் உள்ளவர்கள் கவனத்துக்கு

கடையும் காடும் சேர்த்து வைத்திருக்கும் வணிகர்கள் ஏராளம். முந்தைய மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியவர் குடும்பத்தில் இருந்தால் இத்தொகை பெறத் தகுதியில்லை. குடும்பம் என்பது கணவன், மனைவி, மைனர் பிள்ளைகள். கடை கணவர் பெயரிலும் நிலம் மனைவி பெயரிலும் இருந்தாலும் விதி இதுதான். மாதம் ரூ.10,000 அல்லது அதற்கு மேல் ஓய்வூதியம் பெறும் அரசு ஓய்வூதியர்களும், தொழில் செய்யும் டாக்டர், வக்கீல், ஆடிட்டர்களும் அப்படியே (கடைநிலை ஊழியராக இருந்து ஓய்வு பெற்றோருக்கு விலக்கு உண்டு). தவறுதலாக வந்திருந்தால், நோட்டீஸ் வருமுன் வேளாண் அலுவலகத்தை அணுகித் திருப்பிச் செலுத்துவதே நல்லது. பான் எண்ணும் ஆதாரும் இணைந்துள்ள காலத்தில் இதை மறைக்க வழியில்லை.

பாக்கிக்கு ஈடாக வாடிக்கையாளரின் பாஸ் புத்தகத்தையோ ஏ.டி.எம். அட்டையையோ வாங்கி வைக்க வேண்டாம். அது நமக்கே வம்பாக முடியும். அதைவிட, தவணை நின்றுபோன விவசாயியிடம் "கே.ஒய்.சி. முடித்தீர்களா, பட்டா யார் பெயரில் இருக்கிறது?" என்று கேட்டு, உரிய அலுவலகத்துக்கு வழி சொல்லுங்கள். மலைமேல் உள்ளவருக்கு அது நாமக்கல் மாவட்டத்தில், அடிவாரத்தில் உள்ளவருக்குத் திருச்சி மாவட்டத்தில். அவர் கணக்கு நேரானால் நமது பாக்கியும் நேராகும்.